மணல் மேடுதான் நம்ம தண்ணீர்த் தொட்டி

(வேதாரண்யம் வட்டாரத்தில் நடந்த கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில், கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை. வர முடியாத உறுப்பினர்களும் தெரிந்துகொள்வதற்காக இங்கே தரப்படுகிறது. குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசலாம்.)



இன்றைய கூட்டப் பொருளில் நான்காவதாக இருப்பது கடன் விண்ணப்பங்கள். இந்தத் தடவை மட்டும் ஆழ்குழாய்க் கிணறு போடுவதற்கென்று பதினொரு விண்ணப்பம் வந்திருக்கிறது. அடுத்த கூட்டத்தில் நீங்கள் முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன்னால் நம்ம மண்ணைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் கொஞ்சம் பேசிக்கொள்ளலாம் என்று நிர்வாகக் குழுவில் கேட்டோம். நேரம் ஒதுக்கித் தந்தார்கள்.

"புயல், வெள்ளம், மண் அரிப்பு இதெல்லாம் பள்ளிக்கூடப் பாடமாச்சே, சங்கக் கூட்டத்துல எதுக்கு?" என்று ஒரு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனால் பாருங்க, நாம் கடன் வாங்குவது எதற்கு? மாங்கொல்லைக்கு, பூக்கொல்லைக்கு, கறவை மாட்டுக்கு, வீட்டுக்கு. இவை எல்லாமே மண்ணின் மேலும் தண்ணீரின் மேலும் நிற்கின்றன. மண்ணும் தண்ணீரும் போய்விட்டால் தவணை மட்டும்தான் மிச்சம் நிற்கும். அதனால் இது நம்ம கடன் பேரேட்டுக்குள் வரும் விஷயம்தான்.

நம்ம ஊரைக் கட்டியது யார்?

வேதாரண்யத்துக்கு மேற்கே போய், அங்கிருந்து கடலை நோக்கி நடந்து பாருங்கள். ஒரு மணல் மேடு வரும். அடுத்து ஒரு பள்ளம். மறுபடி மேடு, மறுபடி பள்ளம். கடற்கரைக்கு ஒத்தாப்போல வரிசை வரிசையாக இருக்கும். மேட்டில் வீடு, மாமரம், தென்னை, பனை. பள்ளத்தில் களிமண், நெல் வயல், இன்னும் கீழே போனால் உப்பளம். நம்ம ஊர்களில் பாதைகள்கூட பெரும்பாலும் மேட்டின் மேலேயே போகும்.

இந்த மேடு ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் கடற்கரை. ஏறத்தாழ ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் கடல் இன்றைய கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கியது. ஒவ்வொரு தடவையும் கரையில் ஒரு மணல் வரப்பு போட்டுவிட்டுப் போனது. மேடுகளைத் தோண்டினால் சிப்பி கிடைக்கிறதல்லவா? ஆராய்ச்சியாளர்கள் அந்தச் சிப்பிகளின் வயதைக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே இருக்கிற மேடு வயதில் மூத்தது, கோடியக்கரைப் பக்கம் போகப் போக இளையது. நம்ம வட்டாரம் கடல் கொடுத்த சீதனம் என்று சொன்னால் மிகையில்லை.

கடல் மட்டும் தனியாக இதைச் செய்யவில்லை. குடகில் பிறக்கிற காவிரி, வழியெல்லாம் மலை மண்ணையும் காட்டு மண்ணையும் கரைத்து எடுத்துக்கொண்டு வந்தது. டெல்டாவில் நூறு வாய்க்காலாகப் பிரிந்து, வண்டலை வயலில் போட்டது, மணலைக் கடலில் கொண்டுபோய் விட்டது. கடல் அலை அந்த மணலை எடுத்துக் கரையோரமாகத் தள்ளியது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மணல் வடக்கே போகும். வடகிழக்குப் பருவத்தில் தெற்கே வரும். நம்ம மூலையில் கரை திரும்புகிறது, கடல் ஆழம் குறைவு. அதனால் வந்த மணல் தங்கியது. தங்கிய மணலைக் காற்று தூக்கி மேடாக்கியது.

ஆக, மண் அரிப்பு என்றால் எப்போதும் கெடுதல் என்று நினைக்க வேண்டாம். குடகில் அரித்த மண்தான் தஞ்சாவூரின் வயல். ஓரிடத்தில் கரைவது இன்னோர் இடத்தில் சேரும். ஆனால் கடல் கொடுக்கவும் செய்யும், எடுக்கவும் செய்யும். பூம்புகாரை எடுத்துக்கொள்ளுங்கள். காவிரி கடலில் சேருகிற இடத்தில் பெரிய துறைமுகப் பட்டினம் இருந்தது. 1960-களில் அங்கே கீழையூரில் தோண்டிப் பார்த்தபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறை கிடைத்தது. அந்தப் பழைய பட்டினத்தின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோனது. ஒரே கடல்தான், ஒரே காவிரிதான். அங்கே எடுத்தது, இங்கே கொடுத்தது.

வரவும் செலவும் சரியாக இருக்கிறவரைக்கும் கரை நிற்கும். நம்ம குழுக் கணக்கு மாதிரியேதான். மணல் வரவை யாராவது நடுவில் நிறுத்தினால் செலவு மட்டும் ஓடும். சென்னையில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் கட்டினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் சுவரில் தடுபட்டு மெரினா அகலமானது. சுவருக்கு வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வரவில்லை. அங்கே கடல் ஊரைத் தின்ன ஆரம்பித்தது, கல்லைக் கொட்டித்தான் தடுக்க வேண்டியிருந்தது. 1980-களின் கடைசியில் புதுச்சேரியிலும் இதே கதைதான். துறைமுகச் சுவர் வந்தது, வடக்கே கடற்கரை மணல் போனது.

காவிரியிலும் இப்படி ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. 1934-ல் மேட்டூர் அணை வந்தது. பாசனத்துக்கு அது பெரிய உதவி, அதில் சந்தேகமில்லை. ஆனால் மேலிருந்து வருகிற வண்டலில் பெரும்பங்கு அணையிலேயே படிந்துவிடுகிறது. கீழே ஆற்றில் இருந்த மணலையும் பல வருஷமாக லாரி லாரியாக அள்ளினார்கள். முன்பு கடலுக்கு வந்த மணல் இப்போது அந்த அளவுக்கு வருவதில்லை. அதனால் இன்று நம்மிடம் இருக்கிற மேடு போய்விட்டால், அதே வேகத்தில் இன்னொரு மேட்டைக் கடல் கட்டித் தரும் என்று நம்பி இருக்க முடியாது.

மேட்டுக்குள்ளே இருக்கிற மழை

மூன்று பக்கமும் உப்பு. கிழக்கே கடல், தெற்கே கடல், மேற்கே சதுப்பும் உப்பளமும். 1930-ல் ராஜாஜி தலைமையில் உப்பு அள்ளிய இடம் நம்ம வேதாரண்யம்தான். அவ்வளவு உப்புக்கு நடுவில், மணலில் நாலு முழம் தோண்டினால் இளநீர் மாதிரித் தண்ணீர் ஊறுகிறது. அதை வைத்துத்தான் மாமரம் வந்தது, புகையிலை வந்தது, பூச்செடி வந்தது. நம்ம பாட்டிமார்கள் மணலில் குட்டை தோண்டி, குடத்தில் அள்ளி அள்ளிச் செடிக்கு ஊற்றினார்கள். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

கடலிலிருந்து வடிகட்டி வருகிறது என்று பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. மணல் உப்பை வடிகட்டாது. கேணியில் இருப்பது ஐப்பசி, கார்த்திகை மழை. மேட்டின் மேல் பெய்கிற மழையை மணல் ஓடவிடாமல் அப்படியே உறிஞ்சிக்கொள்கிறது. உள்ளே போன நல்ல தண்ணீர், அடியில் இருக்கிற உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது.

வீட்டில் சோதித்துப் பாருங்கள். ஒரு கிண்ணத்தில் நல்ல தண்ணீர் ஊற்றி முட்டையைப் போட்டால் முழுகும். நாலைந்து கரண்டி உப்பைக் கரைத்தால் அதே முட்டை மேலே வரும். உப்புத் தண்ணீர் கனம். நல்ல தண்ணீர் லேசு. அதனால் கீழே உப்பு, மேலே நல்லது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. தயவு செய்து இதை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி உயரத்துக்கு மணலில் நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிவரைக்கும் நல்ல தண்ணீர் இருக்கும். மேலே ஒன்று, கீழே நாற்பது. இடத்துக்கு இடம், மண்ணுக்கு மண் இது கொஞ்சம் மாறும். ஆனால் அடிப்படை இதுதான்.

கேட்பதற்குச் சந்தோஷமாக இருக்கிறது அல்லவா? இப்போது திருப்பிப் பாருங்கள். மேலே ஒரு அடி தண்ணீர் மட்டம் நிரந்தரமாக இறங்கினால், கீழே உப்பு 40 அடி ஏறி வரும். உடனே வராது. ஒரு வருஷம், இரண்டு வருஷம், சில இடத்தில் இன்னும் கூடுதலாக ஆகும். அதனால்தான் நமக்குத் தெரிவதில்லை. நாம் கடன் வாங்கி மோட்டார் போட்ட நாளில் தண்ணீர் தேனாக இருக்கும். தவணை பாதி கட்டும்போது உப்பு வரும்.

மேடு உயரமாக இருப்பதால்தான் உள்ளே தண்ணீரும் உயர்ந்து நிற்கிறது. மேட்டை வெட்டிச் சமதளம் ஆக்கினால் தண்ணீர் நிற்க இடம் இல்லை, கடலை நோக்கி வடிந்துவிடும். அதனால்தான் மணல் மேட்டை நம்ம தண்ணீர்த் தொட்டி என்கிறோம்.

சுனாமியும் கஜாவும் காட்டியது

நம்ம கரைக்குச் சீற்றம் புதிதல்ல. 1952, 1977 ஆண்டுகளின் புயல்களைப் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் நம்ம நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நம்ம வேதாரண்யம் பக்கம்தான் கரை ஏறியது.

இந்த இரண்டையும் கண்ணால் பார்த்தவர்கள் நாம். அவை மண்ணையும் தண்ணீரையும் என்ன செய்தன என்று யோசிப்போம்.

சுனாமித் தண்ணீர் எங்கே தாழ்வு இருந்ததோ, எங்கே ஆற்று முகத்துவாரம் இருந்ததோ, அங்கே வேகமாக உள்ளே புகுந்தது. மேடும் மரமும் இருந்த இடத்தில் அதன் வேகம் குறைந்தது. கடலூர் மாவட்டத்தில் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது என்பதை ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். காடும் மேடும் சுனாமியையே நிறுத்திவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. அபாய அறிவிப்பு வந்தால் எல்லோரும் பாதுகாப்பு மையத்துக்குப் போயே ஆக வேண்டும். ஆனால் வேகம் குறைந்தால், ஓடுவதற்கு நேரம் கிடைக்கும். ஒரு பெரியம்மா எங்களிடம் சொன்னாங்க: "அந்த மணக்குன்னு மேல ஏறுனதாலதான் புள்ளைங்களோட உசுரோட இருக்கோம். அதைப் போயி லாரிக்கு விக்கிறதான்னு எம் மவன்கிட்ட சண்டை போட்டேன்."

சுனாமிக்குப் பிறகு வயலில் உப்பு நின்றது. அப்போது ஒரு வித்தியாசத்தைக் கவனித்தோம். மணல் பாங்கான நிலத்தில் மழை பெய்ததும் உப்பு சீக்கிரம் கழுவி இறங்கியது. களிமண் வயலில் எளிதில் இறங்கவில்லை. அங்கே வரப்பை உயர்த்தி, மழைத் தண்ணீரைத் தேக்கி, பிறகு வடிகாலில் வடித்தார்கள். ஜிப்சம் போட்டார்கள். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். ஜிப்சத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்து, களிமண்ணில் ஒட்டியிருக்கிற உப்புச் சத்தைத் தள்ளிவிடும். பிறகு தண்ணீர் அதை வெளியே கொண்டுபோகும். எவ்வளவு ஜிப்சம் போட்டாலும், தண்ணீர் வடிய வழி இல்லை என்றால் பயன் இல்லை. இதை மறக்க வேண்டாம்.

கஜா வேறு மாதிரி. அது காற்றால் அடித்தது. தென்னை, மா, சவுக்கு எல்லாம் வேரோடு சாய்ந்தன. பனை பெரும்பாலும் நின்றது. புஷ்பவனம் போன்ற கரைகளில் கடலின் அடியில் கிடந்த கறுப்புச் சேறு வந்து மணலை மூடியது. படகு இறக்க முடியாமல் மீனவச் சகோதரிகளின் குடும்பங்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். கடலின் அடியில் இருந்த மண் ஒரே இரவில் கரைக்கு வந்தது. நிலம் எப்போதும் அசையாமல் இருக்கிறது என்று நினைக்கிறோம். கடலோரத்தில் அது அசைந்துகொண்டேதான் இருக்கிறது.

கஜாவுக்குப் பிறகுதான் நம்ம பக்கம் ஆழ்குழாய்க் கிணறு கேட்பதும் கூடியது என்று நாங்கள் பார்க்கிறோம். காரணம் புரிகிறது. பெரிய மரம் போனது. மறுபடி கன்று வைக்க வேண்டும். கன்றுக்குத் தினம் தண்ணீர் வேண்டும். குடத்தில் அள்ளி ஊற்ற இன்றைக்கு ஆள் இல்லை, பிள்ளைகள் வெளியூரில். "போர் போட்டா சுவிட்ச தட்டுனா போதும்." இதைச் சோம்பல் என்று யாரும் சொல்ல வேண்டாம். நம்ம முதுகு வலி நமக்குத்தான் தெரியும்.

முத்துப்பேட்டையில் தண்ணீர் வழிவிட்டபோது

நமக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் ஒரு காலத்தில் மரங்களைப் பகுதி பகுதியாக முழுவதும் வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் வெயில் நேராக விழுந்தது. மண் காய்ந்து உள்வாங்கி, தட்டு மாதிரிப் பள்ளமானது. அதில் கடல் தண்ணீர் வந்து தேங்கியது, வெளியே போகவில்லை, ஆவியானது, உப்பு மட்டும் சேர்ந்துகொண்டே போனது. உப்பிலேயே வளர்கிற அலையாத்திகூட அங்கே முளைக்கவில்லை.

வனத்துறையும், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும், ஊர் மக்களும் சேர்ந்து அங்கே வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். பார்க்க மீன் முள் மாதிரி இருக்கும். கடல் ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே வந்தது, இறக்கத்தில் உப்பைக் கழுவிக்கொண்டு வெளியே போனது. பிறகு நட்ட கன்றுகள் பிழைத்தன. கஜாவில் அந்தக் காடும் பலமாக அடிபட்டது. ஆனாலும் பாடம் மாறவில்லை. தண்ணீர் வந்து போகும் வழியைச் சரி செய்யாமல் கன்று மட்டும் நட்டால் நிற்காது.

நம்ம ஊர் வடிகாலையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். கடைமடைச் சட்ரஸ் துருப்பிடித்துத் திறந்தே கிடந்தால், கோடையில் கடல் தண்ணீர் ஆற்று வழியாக உள்ளே ஏறும். மூடியே கிடந்தால் மழைக்காலத்தில் ஊர் முழுகும். இரண்டையும் பெண்கள்தான் முதலில் பார்க்கிறோம். ஆடு மாடு ஓட்டிப் போவது நாம், தண்ணீருக்குப் போவது நாம்.

மேட்டைக் கரைப்பது எது?

புயல் வருவதை நாம் தடுக்க முடியாது. ஆனால் மேட்டைக் கரைப்பது புயல் மட்டுமல்ல.

முதலாவது, மணல் அள்ளுவது. வீடு கட்ட, மனை நிரப்ப என்று கேட்டு வருகிறார்கள். கையில் பணம் கொடுக்கிறார்கள். கஷ்டத்தில் இருக்கிற குடும்பத்துக்கு அது பெரிய தொகைதான். ஆனால் மணலை விற்பது ஒரு தடவை. தண்ணீர் போவது எப்போதைக்கும். அதுவும் விற்றவர் கேணி மட்டும் போகாது, பக்கத்துக் கொல்லைக் கேணியும் சேர்ந்து போகும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி கடலோர மணல் குன்றுகளைக் கலைப்பதும் அங்கே மணல் அள்ளுவதும் தடை செய்யப்பட்டவை. பட்டா நிலமாகவே இருந்தாலும் அனுமதி இல்லாமல் மணல் அள்ளி விற்க முடியாது.

இரண்டாவது, மேட்டின் மேல் இருக்கிற செடியைச் சுத்தம் செய்வது. அடப்பங்கொடியையும் ராவணன் மீசையையும் களை என்று பிடுங்கிப் போடுகிறோம். அவைதான் காற்றில் பறக்கிற மணலைப் பிடித்து மேடாக்குகின்றன. தாழையும் பனையும் அதை இறுக்கிப் பிடிக்கின்றன. செடி போனால் மேடு காற்றிலேயே நகர்ந்து வயலை மூடும்.

மூன்றாவது, கேணிக்குப் பக்கத்திலேயே உப்புத் தண்ணீரைத் தேக்குவது. 1990-களில் நம்ம மாவட்டத்தில் இறால் பண்ணைகள் வந்தபோது குடிதண்ணீர் கெடுகிறது என்று கிராமத்துப் பெண்கள் போராடினார்கள். கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மா முன்னால் நின்றார். அவர் கணவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிறகு 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று தனிச் சட்டம் வந்தது. பதிவு இல்லாமல் பண்ணை நடத்தக் கூடாது. நம்ம ஊரில் பண்ணை இருந்தால், பதிவு இருக்கிறதா, கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்பது நம்ம உரிமை.

நான்காவது, ஆழ்குழாய்க் கிணறு. இதைத்தான் விரிவாகப் பேச வேண்டும்.

கடன் கேட்டிருக்கிற பதினொரு பேருக்கு

உறைந்த தயிரைக் கடைந்து, மோரைப் பானையில் அசையாமல் வைத்தால் என்ன ஆகிறது? மேலே தெளிவு நிற்கும், கீழே கெட்டி தங்கும். அகப்பையை மேலாக வைத்து மெதுவாக மொண்டால் தெளிவு மட்டும் வரும். அடிவரைக்கும் விட்டு வேகமாக மொண்டால் கெட்டியும் கலந்து வரும். மணல் மேட்டுத் தண்ணீரும் அதுபோலத்தான். கேணி என்பது மேலாக மொள்ளும் அகப்பை. ஆழ்குழாய் அடிவரைக்கும் போகிறது. மோட்டார் வேகமாக இழுக்கும்போது, குழாய்க்கு நேர் கீழே இருக்கிற உப்புத் தண்ணீர் கூம்பு மாதிரி மேலே எழும்பி வரும். ஒரு தடவை கலந்துவிட்டால், மோட்டாரை நிறுத்தினாலும் பழைய நிலைக்கு வரப் பல மழைக்காலம் ஆகும்.

நம்ம கூட்டமைப்பிலேயே ஒரு அக்காவுக்கு இது நடந்தது. பெயர் வேண்டாம் என்று சொல்லி, விஷயத்தைப் பேச அனுமதி தந்தாங்க. மல்லிகைக் கொல்லைக்கு என்று குழுக் கடனில் போர் போட்டாங்க. "மொத வருசம் தண்ணி சக்கரையா இருந்துச்சு. ரெண்டாம் வருசம் பருப்பு வேகலை. மூணாம் வருசம் செடி இலை ஓரமெல்லாம் கருகிப் போச்சு. பூவும் போச்சு. அசலு வட்டி கட்ட தோட்டைக் கழட்டி வச்சேன்" என்று சொன்னாங்க. அதைவிட அவங்களை வருத்தியது இன்னொன்று. அவங்க போருக்கு முப்பது அடி தள்ளி, நாத்தனார் வீட்டுக் கேணி இருந்தது. மூன்று வீடு அதில்தான் குடிதண்ணீர் எடுத்தது. அதிலும் உப்பு ஏறிவிட்டது. "அவுங்க ஒண்ணும் சொல்லலை. ஆனா நான் அந்தப் பக்கம் தலை நிமிந்து போறதில்லை" என்றாங்க.

அதற்காகக் கடனே தர வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தண்ணீர் இல்லாமல் கன்று பிழைக்காது. எங்கள் யோசனை இதுதான்:

ஒன்று. கடன் தருவதற்கு முன்னால், அந்த இடத்திலும் சுற்றி இருக்கிற கேணிகளிலும் தண்ணீர் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். வேளாண்மைத் துறையின் மண், நீர் பரிசோதனை நிலையத்தில் பார்த்துச் சொல்வார்கள். அந்தச் சீட்டு விண்ணப்பத்தோடு இணைந்திருக்க வேண்டும்.

இரண்டு. ஆழமான ஒரு போருக்குப் பதிலாக, ஆழம் குறைந்த இரண்டு மூன்று கேணிகளைத் தள்ளித் தள்ளி உறை இறக்கிப் போடலாம். சின்ன மோட்டார் வைத்து, ஒன்றில் கொஞ்ச நேரம், இன்னொன்றில் கொஞ்ச நேரம் என்று மாற்றி மாற்றி எடுத்தால் உப்பு எழும்பாது.

மூன்று. வாய்க்காலில் விட்டுப் பாய்ச்சினால் பாதித் தண்ணீர் வீண். சொட்டுநீர் அமைப்புக்கு அரசு மானியம் இருக்கிறது. கடனை அதற்கு முதலில் தரலாம்.

நான்கு. கன்று வைக்கும்போது எல்லாம் தென்னையாக வைக்க வேண்டாம். வேலி ஓரம் பனை விதை ஊன்றுங்கள். அதற்கு மோட்டார் தேவையில்லை.

ஐந்து. மழைக்காலத்தில் மேட்டுத் தண்ணீரை வெளியே ஓடவிடாமல், கொல்லைக்குள்ளேயே குட்டை தோண்டி நிறுத்துங்கள். ஐப்பசியில் உள்ளே இறங்குவதுதான் சித்திரையில் நம் வரவு.

ஒவ்வொரு குழுவிலும் ஒரு கிணற்று நோட்டு

கடைசியாக ஒரு வேண்டுகோள். சேமிப்பு நோட்டு, கடன் நோட்டு, தீர்மான நோட்டு வைத்திருக்கிறோம். இனி கிணற்று நோட்டு என்று ஒன்று வைப்போம். ஊரில் மூன்று கேணியைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று கடல் பக்கம், ஒன்று நடுவில், ஒன்று மேற்கே. மாதக் கூட்டத்துக்கு முதல் நாள், முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பாருங்கள். தண்ணீர் எத்தனையாவது முடிச்சில் இருக்கிறது என்று தேதி போட்டு எழுதுங்கள். தண்ணீரின் உப்பைக் காட்டும் சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கூட்டமைப்பு ஊருக்கு ஒன்று வாங்கித் தரலாம் என்று நிர்வாகக் குழு சம்மதித்திருக்கிறது. படிக்காத அக்காமார்களும் இதைச் செய்யலாம், முடிச்சை எண்ணத் தெரிந்தால் போதும்.

இரண்டு வருஷம் எழுதினால் கையில் ஆதாரம் இருக்கும். கிராம சபையில் "தண்ணி உப்பா இருக்குங்க" என்று சொன்னால், பார்க்கலாம் என்பார்கள். "இந்த மாசம் இவ்வளவு, போன வருஷம் இதே மாசம் இவ்வளவு" என்று நோட்டை நீட்டினால், பதில் சொல்லியே ஆக வேண்டும். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளிலும் நம்ம மாநிலத்தில் கிராம சபை கூடுகிறது. அன்று ஒவ்வொரு ஊரிலும் நம்ம உறுப்பினர்கள் போய் உட்கார வேண்டும். மணல் மேட்டில் மணல் அள்ளக் கூடாது, சட்ரஸைப் பழுது பார்க்க வேண்டும் என்ற இரண்டு தீர்மானத்தையும் எழுத வைத்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும்.

ஆண்கள் கேட்க மாட்டார்கள், லாரிக்காரர் பெரிய இடத்து ஆள் என்று ஒரு பயம் இருக்கிறது. தனியாகப் போனால் பயம்தான். சாராயக் கடைக்காக நாம் தனித்தனியாகவா போனோம்? குழுவாகப் போனோம். கந்துவட்டிக்காரரிடம் இருந்து வெளியே வந்ததும் அப்படித்தான்.

பதினொரு விண்ணப்பமும் இப்போது கூட்டமைப்பு மேசையில் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குள் விண்ணப்பித்த ஒவ்வொருவரும் தண்ணீர்ச் சோதனைச் சீட்டோடு வர வேண்டும் என்று தீர்மானம் வைக்கிறோம். மாதிரி எடுத்துக் கொண்டுபோக எங்கள் களப்பணியாளர்கள் கூட வருவார்கள். சம்மதம் என்றால் கை உயர்த்துங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் இப்போதே எழுந்து சொல்லுங்கள், பேசி முடிவெடுப்போம்.



(உரைக்குப் பின் நடந்த விவாதத்தில் பல உறுப்பினர்கள் பேசினர். சோதனைச் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி எழுந்தது. பாதி விண்ணப்பதாரர், பாதி கூட்டமைப்பு என்று முடிவாகி, தீர்மானம் நிறைவேறியது.)